கை பழகிய தளர்வு

பழைய காரில் ஸ்ரியரிங் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. பிறேக் பிடிக்காவிட்டால் காலுக்கு உடனே தெரியும். எஞ்சின் இடித்தால் காதுக்குத் தெரியும். ஸ்ரியரிங்கின் தேய்வு மட்டும் கையோடு உறவாடியபடியே வளரும். இன்று ஒரு நூலளவு, ஒரு மாரி கழிந்தபின் இன்னொரு நூலளவு. அதற்கேற்பக் கையும் கொஞ்சம் முந்தி வெட்டப் பழகிக்கொள்ளும். கடைசியில், சில்லு அசையுமுன் ஸ்ரியரிங் வளையம் இரண்டு மூன்று இஞ்சி சும்மா சுற்றும். ஓட்டுகிறவரைக் கேட்டால், "காருக்கு ஒரு குறையுமில்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று இஞ்சியையும் அவருடைய கை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடு தாண்டினால் உடையார்கட்டு. அங்கே வீதியோரத்துக் கராஜ் ஒன்றுக்கு ஒரு மொறிஸ் மைனர் வந்து நின்றது. அதை ஓட்டிவந்த பெரியவர் ரயர் ஒருபக்கமாகத் தேய்கிறது என்பதற்காக மட்டுமே வந்திருந்தார். ஸ்ரியரிங்கைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கராஜ்காரர் காரை எடுத்துக்கொண்டு சந்திவரை போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போதே சொன்னார்: "ஐயா, நீங்கள் உதுக்குப் பழகிப் போனியள். எனக்கெண்டால் நேராப் பிடிக்கவே ஏலாமக் கிடக்கு."

பிறகு அவர் செய்த சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெரியவரையே ஆசனத்தில் இருத்தி, வளையத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டச் சொன்னார். தான் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே போய், ஒவ்வொரு மூட்டையும் விரல்களால் பொத்திப் பிடித்தார். கண் பார்த்தால் எல்லாம் ஒன்றாய் ஆடுவதுபோல்தான் இருக்கும். விரலுக்குத்தான் தெரியும், எந்த மூட்டில் ஒரு பாதி முந்தி ஆட மறுபாதி பிந்தி வருகிறதென்று. பிறகு ஜக் வைத்து முன்சில்லைத் தூக்கினார். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் ரைறொட் முனையின் தளர்வு கைக்கு வரும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின்னோ பெயரிங்கோ பேசும். அந்தக் காரில் தனியாகக் குற்றவாளி என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எல்லாக் கொஞ்சமும் சேர்ந்துதான் அந்த மூன்று இஞ்சி.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். றாக்கும் பினியனும் கொண்ட அதன் ஸ்ரியரிங், அந்தக் காலத்துக் கார்களோடு ஒப்பிட்டால் மிகத் துல்லியமானது. அதிலும் ஒரு பலவீனம் உண்டு. முன்சில்லைத் தாங்கும் தண்டின் கீழ்முனை புரி வெட்டி மூட்டுக்குள் திருகப்பட்டிருக்கும். சில்லு திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புரி உராயும். கிறீஸ் இல்லாமல் உராய்ந்துகொண்டே இருந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்துவிடும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது திடீர் விபத்து. அந்த மூட்டுக்கோ அது பல வருடக் கதை.

வன்னியில் அந்தப் பல வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பற்றரிக்கும் தடை. கார்கள் அதற்காக ஓய்ந்துவிடவில்லை. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகை கக்கக் கக்க ஓட்டினார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு கிறவல் றோட்டுகளில் ஊர்ந்தன. புது மூட்டு வாங்க வழியில்லாதபோது, தேய்ந்ததற்குள் தகரத் துண்டைச் செருகி இறுக்கினார்கள். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தபின் சனம் இதே ஏ-35 வழியேதான் கிழக்கே நகர்ந்தது. விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அந்த வீதியில் ஸ்ரியரிங் ஆட்டத்தைப் பற்றி எவரும் யோசித்திருக்க முடியாது. உருண்டாலே போதும் என்றிருந்த நாள்கள் அவை. அந்தச் சமாளிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது உயிர் காத்த வல்லமை.

போர் முடிந்து சில வருடங்களில் ஏ-35 காப்பெற் றோட் ஆனது. அப்போதுதான் கணக்கு மாறியது. குண்டும் குழியுமான பாதையில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு நொடியில் ஐந்தரை மீற்றர் நகரும். கை அரை நொடி பிந்தினாலும் மூன்று மீற்றருக்குள் அடங்கிவிடும். 70 கிலோமீற்றரில் அதே அரை நொடிக்குள் கார் பத்து மீற்றரை விழுங்கிவிடும். பொழுதுபட்டபின் வீதியில் படுத்திருக்கும் மாடும், எதிரே முந்திவரும் பஸ்ஸும் அந்தப் பத்து மீற்றருக்குள்தான் இருக்கும். தளர்வு அதே தளர்வுதான். பள்ளத்தில் அது ஒளிந்திருந்தது, நல்ல பாதை வந்ததும் ஆளைக் கொல்லத் துணிந்தது. நெருக்கடியில் பொறுக்கக் கூடியதாக இருந்த குறை, அமைதி வந்தபின் பொறுக்கக் கூடாததாகிறது. இதை நாம் எளிதில் நம்புவதில்லை. "அந்தக் காலத்திலேயே ஓடின கார், இப்ப ஓடாதோ?" என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கேள்வியைக் காரைப் பற்றி மட்டும் நாம் கேட்பதில்லை. உடம்பில் செல் பீஸோடு வாழ்கிறவர், "மாரியிலைதான் குத்தும், மற்றும்படி பிரச்சினையில்லை" என்கிறார். கணவனை இழந்து, கூலிவேலைக்குப் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கும் தாய், தன் நித்திரையின்மையை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. தகப்பன் சத்தம் போடாமல் இருந்தாலே அந்த வீட்டில் நல்லநாள் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தமது மூன்று இஞ்சியைச் சுமந்தபடி, முந்தி வெட்டி, சரிக்கட்டி ஓட்டுகிறார்கள். அந்த முயற்சி ஓயாத வேலை. நேரே போவதற்கே முழுப் பலத்தையும் செலவழிக்கிறவருக்கு, எங்கே போகிறோம் என்று நினைக்க மிச்சம் என்ன இருக்கும்?

சரி, இறுக்கிவிட்டால் தீருமா? கேம்பிரிட்ஜ் மாதிரியான கார்களில் ஸ்ரியரிங் பொக்ஸில் ஒரு திருகாணி இருக்கிறது. ஆட்டம் கண்டதும் அதை இறுக்கத்தான் அவசரக்காரரின் கை போகும். ஆனால் காரின் ஓட்டத்தில் பெரும்பகுதி நேரோட்டம் என்பதால், பொக்ஸின் உள்ளே அதிகம் தேய்வதும் அந்த நடுவிடம்தான். நடுவிலுள்ள ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் ஸ்ரியரிங் இறுகிப் பிடிக்கும். வளைவில் வெட்டினால் திரும்பி வராது. மனிதரிடமும் நாம் செய்வது பெரும்பாலும் இந்த இறுக்கல்தான். "மனதைத் திடப்படுத்து", "பழசை மற", "எல்லாருக்கும் நடந்ததுதானே". இவை நேரான பாதையில் கொஞ்சத் தூரம் பயன்படும். வாழ்க்கை வளைகிற இடத்தில், ஒரு சாவு வீட்டில், ஒரு கடன் தவணையில், பிள்ளை வீட்டைவிட்டுப் போகும் நாளில், இறுகிப் பிடிக்கும். தேய்ந்ததைக் கழற்றிப் பார்த்து, மாற்றக்கூடியதை மாற்றி, மாற்ற முடியாததற்குக் கிறீஸ் இட்டு, சில மாதத்துக்கொரு தடவை மறுபடி தொட்டுப் பார்ப்பதுதான் திருத்தம். அதற்கு நாள் எடுக்கும், பொறுமையும் பணமும் வேண்டும். அரசும் ஊரும் உறவும் கொடுக்கவேண்டியது இவற்றைத்தான்.

அதைவிட முதலில் வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சோதனையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஆசனத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கீழே எந்த மூட்டு தளர்ந்திருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அவர் ஆட்ட, இன்னொருவர் மண்ணில் படுத்துத் தொட்டுப் பார்க்கவேண்டும். தன் குறையைத் தானே உணராதது அறிவீனம் அல்ல. நெடுநாள் தாங்கிய எவருக்கும் அது இயல்பு. தாங்கியவரிடம் போய், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். கேட்பதோடு நில்லாமல் பக்கத்தில் இருக்கவேண்டும், அவர் வாழும் வாழ்க்கையில் ஒருநாளாவது கூட ஓடிப் பார்க்கவேண்டும்.

சமாளிக்கத் தெரிந்ததால்தான் எங்கள் சனம் மிஞ்சியது. அந்த வல்லமைக்குத் தலை வணங்குவோம். ஆனால் மிஞ்சியிருப்பதும் வாழ்வதும் ஒன்றல்ல. பழுதைப் பழுதென்று சொல்ல ஒருவரும், அதைத் தொட்டறிய இன்னொருவரும் இருக்கிற இடத்தில்தான் வாழ்க்கை திரும்பவும் மனிதர் கைக்குக் கட்டுப்படுகிறது.