பொறுத்தே ஆகவேண்டியவர்

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் புதிய வானொலித் தொடர்புக் கருவிகளைப் பரீட்சித்தபோது, சுற்றுப்புற வீடுகளின் கராஜ் கதவுகள் பல, விசையை அழுத்தியும் திறக்க மறுத்தன. இரண்டும் 390 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி இயங்கியதே காரணம். அவ்வலைவரிசை இராணுவத்துக்கு உரியது. கதவுக் கருவிகளோ உரிமமின்றி இயங்க விடப்பட்டவை. அத்தகைய கருவி பிறர்க்கு இடையூறு செய்யலாகாது. தனக்கு நேரும் இடையூற்றைப் பொறுத்தே ஆகவேண்டும். அந்நாட்டு விதி அது.

கதவு திறவாத சீமான்களுக்காக நாம் கண்ணீர் உகுக்கப் போவதில்லை. எனினும், கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களை அறிந்த நம் செவிக்கு அவ்விதி புதிதன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை அந்நிலையிலேயே நிறுத்திற்று. றப்பர் மரத்தில் பால் வெட்டலாம், லயத்துக் காம்பராவில், துரைமார் விட்டவரை, குடியிருக்கலாம், வாக்களிக்க இயலாது. 1981இல் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும் பொறுக்கவே வேண்டியிருந்தது.

எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினால் எவர் குரலும் கேளாது. ஆகவே ஒழுங்கு வேண்டும் என்பர். மெய்தான். ஆனால் பங்கிட்ட நாளில் சபையில் அமர்ந்திருந்தவர் யாவர்? கருவிக்கு அக்கேள்வி எழாது. அலைவரிசையை மாற்றினால் கதவு திறந்துகொள்ளும். மனிதரோ காத்துக் கிடந்தனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.