விலாவில் ஒரு வெல்டிங் தழும்பு

(பாஸ்கா காலம் 2ஆம் ஞாயிறு, யோவான் 20:19-31)



சாவையே வென்ற ஆண்டவர் தம் தழும்புகளை ஏன் அப்படியே வைத்துக்கொண்டார்? தோமா கேட்பதற்கு முன்பே, பூட்டிய கதவுகளுக்குள் வந்து நின்றவர் சீடர்களுக்குக் காட்டியது கைகளையும் விலாவையும்தான்.

நம் கோயில் முற்றத்தில் போன வருடம் வைத்த பாடுபட்ட சுரூபம் உங்களுக்கு நினைவிருக்கும். பழைய சங்கிலி, போல்ட், ஸ்பேனர், தகடு எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்தது. பெரிய வெள்ளிக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான். கசடு தட்டவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கவில்லை. மேலே கறுப்பு பெயிண்ட். பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழையில் விலாப்பக்கம் கொப்புளமாய் எழும்பித் துரு வழிந்தது. பார்த்ததும் நெஞ்சு கனத்துப்போனது.

பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். "பெயிண்ட் மேல தப்பில்ல சாமி. அடியில கசடு இருந்தா எந்தப் பெயிண்டும் நிக்காது" என்றார் அதை வெல்டிங் செய்த அண்ணன்.

நம் வீடுகளை நினைத்தேன். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் கல்யாணப் பந்தலில் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். மழை வரத்தான் செய்யும், அன்பர்களே.

பட்டறை அண்ணன் பெயிண்டை முழுக்க உரித்தார். சுத்தியலின் கூர்முனை பட்ட இடமெல்லாம் கசடு கறுப்புக் கண்ணாடிச் சில்லாய்த் தெறித்தது. ஒப்புரவு அருளடையாளத்தில் நடப்பது இந்தத் தட்டல்தான், வலிக்கும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், தின்னரில் நனைத்த துணி. நான் தோளைத் தொடப் போனேன். "தொடாதீங்க சாமி, கைரேகை பதிஞ்சிடும்."

இந்த முறை பெயிண்ட் இல்லை, தீ. கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 260ஐ நெருங்க பழுப்பு, 280இல் கத்தரிப்பூ நிறம், 300இல் நீலம். ஒரு துளி சாயம் கிடையாது. சூட்டில் இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க, ஒளி வேறு வேறு நிறமாய்த் திரும்புகிறது. சூடு மிஞ்சினால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். அதனால்தான் அவ்வளவு பொறுமை.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1998இல் ஆண்டனி கோர்ம்லி எழுப்பிய 'வடக்கின் வானதூதர்' சிலைக்கும் பெயிண்ட் இல்லை. 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் அகலச் சிறகுகள். செம்பு கலந்த அந்த எஃகில் படரும் துரு, உதிராமல் இறுகி ஒட்டி உள்ளிரும்பைக் காக்கிறது. காயப்படுத்துவதே காவலாகவும் மாறும் என்பதை நான் நம்புகிறேன்.

நம் சுரூபத்துக்குத் தீ காட்டுவதற்கு முன் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். விலாவில் இரண்டு தகடுகளை இணைத்த இடத்தில், மீன்செதில் அடுக்கினாற்போல ஒரு வெல்டிங் வரி. கிரைண்டரை எடுத்தவர் நிறுத்திக் கேட்டார்: "இதத் தேய்ச்சா வழவழன்னு ஆயிடும் சாமி. ஆனா பிளந்து ஒட்டின இடம்னு யாருக்கும் தெரியாது. விட்டுரட்டுமா?"

விட்டுவிடச் சொன்னேன். இன்று சுரூபம் முழுவதிலும் ஆழமான நீலம் அந்த வரியில்தான்.

இந்த நிறம் மழை தாங்காது என்பதால் உள்ளே, திருமுழுக்குத் தொட்டியருகே வைத்திருக்கிறோம். இளஞ்சூட்டில் மெழுகு தேய்த்திருக்கிறது, இனித் தொடலாம். பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விலாவில் கை வையுங்கள். அந்த வரி விரலுக்குத் தட்டுப்படும்.