நைச்சியமும் ஒடுக்கமும்

திருவாய்மொழி ஆறாம் பத்திலே ஒரு தலைமகள், தாயையும் இல்லத்தையும் விட்டுத் தன்னந்தனியே திருக்கோளூர் புகுகின்றாள். வைத்தமாநிதிப் பெருமாள் எழுந்தருளியிருப்பதும் மதுரகவிகள் அவதரித்ததுமான அத்திருப்பதிக்குப் பின்னாளில் எம்பெருமானார் எழுந்தருளியபோது, ஓர் அம்மையார் அவ்வூரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்து புகும் ஊர் உனக்குப் புறப்படும் ஊர் ஆனதேன் என்று உடையவர் வினவினார். அவரோ அக்ரூரர், விதுரர், அநசூயை, யசோதை, சபரி, திரௌபதி எனப் பலருடைய செயல்களை 81 வாசகங்களில் அடுக்கி, இவற்றுள் ஒன்றும் செய்யாத தமக்கு அவ்வூரில் இருக்கத் தகுதியில்லை என்றார். அதுவே திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரகஸ்யம்.

தம்மை ஒன்றுமில்லாதவர் என்று சொல்வதற்கே இத்தனை ஞானம் வேண்டியிருந்தது! உடையவர் கேளாதிருந்தால் அந்த ஞானம் ஊரெல்லையோடு மறைந்திருக்கும்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தம்மைத் தாழ்த்திக்கொண்டால், அதனை நைச்சியாநுஸந்தானம் என்று கொண்டாடுகிறோம். நம் இல்லத்துப் பெண் "எனக்கென்ன தெரியும்?" என்றாலோ, அதனை அப்படியே மெய்யென்று கொள்கிறோம். இஃது என்ன நியாயம்?

ஆடவர் சொல்லே செல்லும் வீட்டில் அச்சொல் பெண்ணுக்கு ஒரு கேடயம். தெரிந்ததைச் சொல்லி வாதுக்கு ஆளாவதைவிட, தெரியாது என்று சொல்லி அமைதியைக் காப்பது அவளுக்கு எளிதாகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சொல்லிய சொல் உள்ளத்திலும் ஊறிவிடும். முடிவில் அவளே அதனை நம்பிவிடுகிறாள். நைச்சியம் பகவானுடைய பெருமையைக் கண்டு தானே பிறப்பது. ஒடுக்கம் மனிதருக்கு அஞ்சிப் பழகுவது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலிருக்கும். முன்னது ஆன்மாவை மலர்த்தும், பின்னது வாட்டும்.

பெண்கள் பணிவை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. பணிவு ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான வைஷ்ணவ லக்ஷணம். அதனைப் பெண்ணின் கடமையாக மட்டும் ஆக்கிவிட்டு, நாம் அதிலிருந்து விலகி நிற்பதே பிழை.

எம்பெருமானார் எதிர்வாதம் செய்யவில்லை, இடைமறிக்கவுமில்லை. 81 வாசகங்களையும் நின்று கேட்டார். பின்பு அவ்வம்மையார் இல்லத்திலே அமுது செய்தருளினார் என்பர் பெரியோர். அவர் திருநாமம் இன்னதென்று ரகஸ்யம் சொல்லவில்லை. 'பெண்பிள்ளை' என்றே வழங்குகிறது. ஆயினும் அவர் சொற்கள் நிலைத்தன. கேட்க ஒரு செவி இருந்ததே காரணம்.

உத்ஸவம் சேவித்து இல்லம் திரும்பும் நாம், அங்கே "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்பவரிடம் இன்னொரு முறை கேட்போமாக, கேட்டபின் நின்று செவி சாய்ப்போமாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.