பாட்டியின் கதை யாருடையது?

பிரிட்டனில் இதழியல் இளங்கலை படிக்க விரும்புகிறவர் யூகாஸ் விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதவேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட, 4,000 எழுத்துக்குறிகள். முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: ஏன் இந்தப் படிப்பு?

மலேசியத் தமிழ் மாணவர் ஒருவருக்கு இங்கே சட்டென்று கைக்கு வருவது தோட்டம். லயத்து வீடு, இருட்டோடு பால்வெட்டுக்குப் போன பாட்டி, இந்த மண்ணிலேயே பிறந்தும் சாகும்வரை சிவப்பு அடையாள அட்டை. எதுவும் பொய்யில்லை. படிக்கிற அதிகாரியின் மனம் இளகும். இளகும் என்பது நமக்கும் தெரியும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

“எங்க குடும்பத்துக் கதையத்தானே எழுதுறேன், இதுல என்ன தப்பு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டியின் வறுமை பேரப்பிள்ளைக்கும் வந்து சேர்கிறது. பத்து வயதில் அவருக்காகப் பாரம் நிரப்பியது, அலுவலக முகப்பில் அவரோடு கால்கடுக்க நின்றது எல்லாம் பேரப்பிள்ளையின் அனுபவம். அதை எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டியின் பசி, அவர் கங்காணியிடம் வாங்கிய ஏச்சு, அக்கம்பக்கத்துக்குக்கூடத் தெரியாமல் அவர் பொத்தி வைத்த அவமானம் ஆகியவை அவருடையவை. நமக்கு அவற்றைச் சொன்னது நாம் அவர் மடியில் கிடந்ததால். நாளைக்கு ஓர் இடம் வாங்க உதவும் என்பதற்காக அல்ல.

செய்தியாளருக்கு முதலில் கற்றுத்தரும் பாடமே இதுதான். தான் யார், எதற்காகக் கேட்கிறேன், எங்கே வெளிவரும் என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும். சொன்னதைச் சரிபார்க்கவேண்டும். விண்ணப்பக் கட்டுரையில் இதையெல்லாம் கண்காணிக்க ஆளில்லை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அதிகாரிக்குப் பாட்டியைத் தெரியாது. இரண்டு பக்கமும் நம்மைக் கேள்வி கேட்க முடியாத இடத்தில் நாம் எழுதும் முதல் செய்தி அது.

கெவின் கார்ட்டர் 1993இல் சூடானில் எடுத்த படம் பலருக்கும் நினைவிருக்கும். குனிந்து கிடக்கும் குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. 1994இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. குழந்தையைத் தூக்கினாரா இல்லையா என்று உலகம் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் பல ஆண்டுகளாகச் சிறுமி என்றே நம்பப்பட்ட அந்தக் குழந்தை ஒரு சிறுவன் என்பது 2011இல் ஸ்பெயின் நாளிதழ் ஒன்று குடும்பத்தைத் தேடிப்போன பிறகுதான் வெளியே தெரிந்தது. படம் உலகம் முழுக்கப் போயிருந்தது. படத்தில் இருந்தவரைப் பற்றி அடிப்படைத் தகவல்கூடச் சரியாகப் போகவில்லை. துயரம் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் தோட்டத்தையே எழுதக்கூடாதா? எழுதத்தான் வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. வாசகர்கள் இட்ட கருத்துகளுக்காக மலேசியாகினிக்கு 2021இல் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. இந்த ஊரில் எழுதும் இடங்கள் எத்தனை குறுகியவை என்பதற்கு இவை போதும். வெளியே போய்ப் படிப்பதில் குற்றமில்லை. செவனிங் போன்ற உதவித்தொகைகள், படித்து முடித்தவர் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்கவேண்டும் என்கின்றன. ஆள் திரும்பி வந்ததா என்பதை அந்த நிபந்தனை பார்த்துக்கொள்ளும். எழுத்து யாருக்காக என்பதை அது கேட்காது.

அதை நாமே கேட்டுக்கொள்ள ஒரு வழி உண்டு. அனுப்புவதற்கு முன் பாட்டியைப் பற்றிய வரிகளை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டலாம். அவர் இல்லையென்றால் அம்மாவிடம், அத்தையிடம். “இத ஏன்யா போட்ட?” என்று கேட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம். ஆனால் “பால்வெட்டு ரெண்டு மணிக்கில்ல, நாலு மணிக்கு” என்று திருத்தினால் அதைவிட லாபம் வேறில்லை. நல்ல வரி ஒன்று போகலாம், இடமே கிடைக்காமலும் போகலாம். அவர் முகத்துக்கு நேரே வாசிக்க முடியாத வரியை வைத்துக்கொண்டு செய்தியாளர் ஆவதைவிட அந்த இழப்பு சின்னது.