அறிந்தவரிடம் அனுப்புதல்

நோய் ஒரு துன்பம். அது இன்ன நோய் என்று எவரும் சொல்லாதிருப்பது அதனினும் பெருந்துன்பம். நம் காரைக்குடி வட்டாரத்துக் குடும்பங்களிலும் இதனைக் காண்கிறோம். ஒரு பெண்மணிக்குக் காலையில் மூட்டுகள் வலிக்கின்றன, வாயில் புண் வருகிறது, முடி உதிர்கிறது, வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கிறது, எழ இயலாத அயர்ச்சி வேறு. மூட்டுக்கு ஒரு மருத்துவர், தோலுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று அலைகிறார். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டும் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்கின்றனர். வீட்டாரோ மனப்பிரமை என்கின்றனர். அல்லது கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் கொடுக்கின்றனர்.

இக்குறிகள் யாவும் லூபஸ் எனும் ஒரே நோயின் குறிகளாகவும் இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே உடலைத் தாக்கும் இந்நோய் பெண்களுக்கே மிகுதியாக வருவது. கவனியாது விட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது.

விடை கிடைக்கும்வரை தேடுவது பொறுமைக்கும் தவக்குலுக்கும் மாறானதா என்று சிலர் ஐயுறுகின்றனர். இதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை உண்டு. ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபிகளார் நேரில் சென்று நலம் விசாரித்தார்கள். அவர்தம் மார்பில் திருக்கரத்தை வைத்துப் பார்த்தார்கள். இது நெஞ்சைப் பற்றிய நோய் என்று கூறி, தகீஃப் குலத்து மருத்துவர் ஹாரித் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. துஆவுக்கு அவர்களினும் உரியவர் யார்? ஆயினும் மருத்துவம் அறிந்தவரிடம் அனுப்பினார்கள். அந்த ஹாரித் இஸ்லாத்தைத் தழுவியது உறுதிப்படாத செய்தி. ஆதலின், மருத்துவரைத் தேர்வதற்கு அவருடைய அறிவே அளவுகோல் என்று அறிஞர் பெருமக்கள் இதிலிருந்து எடுத்துக்காட்டுவர்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு செய்தி உண்டு. காயமுற்ற ஒருவருக்காக இருவர் அழைக்கப்பட்டபோது, உங்களில் மருத்துவத்தில் சிறந்தவர் யார் என்று நபிகளார் வினவினார்கள். எவரேனும் ஒருவர் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே இமாம் மாலிக் அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட்டன. அவற்றுள் 32க்கு ‘அறியேன்’ என்றே விடையளித்தார்கள் என்பர். மார்க்கத்தில் அச்சொல் இழிவன்று, மருத்துவத்திலும் அப்படியே. ஒன்றுமில்லை என்பதற்கும், எனக்குப் புலப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முன்னது நோயாளியைப் பொய்யராக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. பின்னது இன்னாரிடம் செல்க என்று வழி திறக்கிறது. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்வோர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவர் என்ற நபிமொழியை நோக்கினால், அறியாத இடத்தில் அறிந்தவரைக் காட்டுவதும் ஓர் அமானத்தே என்பது விளங்கும்.

பல குறிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதன் பயனைச் சென்னையில் நிகழ்ந்த ஒன்று காட்டும். கை கால் மெலிந்து வலுவிழந்த இளைஞர் சிலருக்கு முகத் தசையும் தளர்ந்தது, செவியும் கேளாதாயிற்று. செவிக்கு ஒரு மருத்துவரும் கைக்கு ஒரு மருத்துவரும் பார்த்திருப்பின் இரண்டும் வெவ்வேறு நோய்களே. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர் மூவர் இவற்றை ஒருசேரக் கண்டு 1970இல் எழுதினர். இன்று உலக மருத்துவ நூல்கள் அதனைச் சென்னையின் பெயராலேயே அழைக்கின்றன. இவ்வினத்துப் பிற நோய்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் உயிரைக் குடிப்பவை; இதுவோ மெல்ல நகர்வது. ஆகவே சரியான பெயரை அறிவது நோயாளி தம் வாழ்நாளை எண்ணும் கணக்கையே மாற்றிவிடுகிறது.

இனி நம் கடமை என்ன? மருத்துவரை மாற்றிக்கொண்டே போவது தேடலாகாது. ஒவ்வொரு முறையும் கதை முதலிலிருந்தே தொடங்கும். அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொது மருத்துவர் ஒருவரை முதலில் நாட வேண்டும். எந்தக் குறி எப்போது தோன்றியது, எதனால் கூடியது என்று நாளிட்டு எழுதி, பழைய பரிசோதனைத் தாள்களுடன் அவர்முன் வைக்க வேண்டும். தமக்குப் புலப்படாத இடத்தில், எந்தத் துறையாரிடம் எந்த வினாவுக்காகச் செல்ல வேண்டும் என்று கடிதம் கேட்டுப் பெறலாம். அது நம் உரிமை. காரைக்குடி அரசு மருத்துவமனையில் தொடங்கி, 2012இல் தோன்றிய சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கும், அப்பால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் செல்லும் வழி உள்ளது. அவ்வழியில் நோயாளியுடன் ஒருவர் துணை செல்லட்டும்.

இத்தனைக்குப் பின்னும் பெயர் கிட்டாத நோய்கள் உண்டு. முயன்று முடித்த அவ்விடத்தில்தான் பொறுமை தன் முழுப் பொருளைப் பெறுகிறது. அங்கும் நோயாளியின் வலியை நம்புவது வீட்டாரின் கடமை. பரிசோதனைத் தாள் குறை காட்டவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. ஓதிய நீரைக் கொடுக்கும் கரமே மருத்துவரிடம் அழைத்தும் செல்லட்டும். வல்ல நாயன் நோயுற்றோர் அனைவருக்கும் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.