நற்பேறு குடத்தில் இருக்கிறதா?

வில்லியனூரை அடுத்த சிற்றூரொன்றில் நடந்த நிக்காஹ் அது. மணமகளின் அண்டை வீட்டுக் குயவர் ஒருவர், தம் கையால் வனைந்து, பூவும் கொடியும் இழைத்துச் சுட்டெடுத்த குடமொன்றை அன்பளிப்பாகத் தந்திருந்தார். "பிள்ளை நிறைகுடமாக வாழட்டும்" என்பது அப்பெரியவரின் வாழ்த்து. மணமகன் இல்லத்தில் இறக்கும்போது குடம் கைநழுவி உடைந்தது. "வந்த அன்றே இப்படியா?" என்றார் ஒரு மூதாட்டி. மணமகளின் கண்கள் கலங்கின.

அன்புடையீர்! ஈண்டு ஒரு வினா எழுகிறது. நற்பேறு பொருளில் உறைகிறதா?

வில்லியனூர்ச் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. அக்கலைஞருள் ஒருவரான வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மண்ணைப் பிசைந்து, வனைந்து, பக்குவமாய் உலர்த்தி, சூளையில் சுடும் கலை அது. அவசரப்பட்டு உலர்த்தினால் மண் வெடித்துவிடும். அத்தகைய குடத்தைத் தருபவர், பொருளோடு தம் பொறுமையையும் தருகிறார்.

பரிசின்மீது வாழ்த்தை ஏற்றிவைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் பரிசின் உறையை 'மிசுஹிக்கி' எனும் காகிதக் கயிற்றால் கட்டுவர். குழந்தைப் பேற்றுக்கு எளிதில் அவிழும் முடிச்சு. அம்மகிழ்ச்சி மீண்டும் மீண்டும் வரலாமன்றோ? திருமணத்திற்கோ அவிழாத முடிச்சு. அது ஒருமுறையே நிகழ வேண்டும் என்பது கருத்து. மணப்பரிசாகத் தரும் பணமும் இரண்டாகப் பிரியாதிருக்க, ஒற்றைப்படையில் வைப்பதே அவர்தம் மரபு. நாமும் நூறு ரூபாய் மொய்யோடு ஒரு ரூபாய் சேர்க்கிறோம் அல்லவா?

இவற்றை வாழ்த்தாகக் கொண்டால் அழகு. ஆற்றலாகக் கொண்டால் அச்சம். அவிழா முடிச்சு இல்லறத்தைக் காக்குமெனில், அறுந்த கயிறு அதனைக் கெடுக்கவும் வேண்டும். குடத்தில் நன்மை குடியிருக்குமெனில், ஓட்டில் தீமை குடியேற வேண்டும். பொருளிடம் நற்பேற்றை எதிர்பார்ப்பவர், அதே பொருளுக்கு அஞ்சியும் வாழ நேரும். அந்த அச்சத்தின் பழியோ பெரும்பாலும் வீட்டிற்கு வந்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'தியரா' எனும் சகுன நம்பிக்கையை மறுத்தார்கள். 'ஃபஃல்' எனும் நல்வாக்கை விரும்பினார்கள். முன்னது படைப்பைக் கண்டு நடுங்கச் செய்கிறது. பின்னது படைத்தவன்பால் நம்பிக்கையை வளர்க்கிறது. குயவரின் வாழ்த்து நல்வாக்கு. அது குடத்தோடு வந்தது; ஆனால் குடத்தோடு உடையவில்லை.

சில நாள் கழித்து அப்பெரியவரைக் கண்டு, தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். அவர் சக்கரத்தை நிறுத்தவுமில்லை.

"மண்ணென்றால் உடையத்தான் செய்யும், பாய். பிள்ளை நலமாக இருக்கிறதா?" என்றார்.

கிதாபுகள் பல ஓதிய நான் சொல்ல முனைந்ததை, மண்ணோடு வாழ்ந்தவர் ஒரே வினாவில் சொல்லிவிட்டார். நம் இல்லங்களுக்கு வரும் மருமக்களிடமும் நாம் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே.