வரைவுக்குக் கூலி மிகையா?

தருமபுரி மாவட்டத்து ஏரியூர் போன்ற சிற்றூர்களில் வீடு எடுப்போர் பெரும்பாலும் கொத்தனாரின் அனுபவத்தையே நம்புவர். கட்டடக் கலைஞருக்குத் தனிக்கூலி எதற்கு என்னும் கேள்வி நம்மவரிடமும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்பட்டத்தைப் பதிவு பெற்றோர்க்கே உரியதாக்கியதேயன்றி, பிறர் வரைவதைத் தடுக்கவில்லை. 2020இல் உச்சநீதிமன்றமும் இவ்வாறே கூறிற்று. ஆகவே முடிவு நம் மனச்சான்றைப் பொறுத்தது.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் அக்கூலியை மிச்சம் பிடிப்பதே முறை எனத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மண் அகழ்தலும் செங்கல் சுடுதலும் சிற்றுயிர்களுக்கு ஊறு செய்பவை. இல்லறத்தில் தவிர்க்க இயலாத இத்தீங்கை ஆரம்ப இம்சை என்பர். ஆனால் எழுப்பிய சுவரைத் திட்டமின்மையால் இடித்து மறுபடி எழுப்பும்போது, தவிர்க்க இயலாதது என்று சொல்லிக்கொள்ள நமக்கு வாயில்லை. முன்கூட்டி வரைபவர் மிச்சப்படுத்துவது காசு மட்டுமன்று.

ராணக்பூரில் நான்முக ஜினாலயம் எடுப்பித்த தரணா சா, தேபா என்னும் சிற்பியை அமர்த்தினார். அங்குள்ள 1439ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சிற்பியின் பெயரும் இடம்பெற்றுள்ளது. செல்வம் மிக்கவர் செய்தது நமக்கு எப்படிப் பொருந்தும் எனலாம். மாட்டுக் கொட்டகைக்குக் கொத்தனாரே போதும், அதில் ஐயமில்லை. மாடி வீடு எடுப்போர் வரைவுக் கூலியை முதலில் ஒதுக்கிவிட்டு, கைக்கு எட்டாவிடில் ஓர் அறையைக் குறைத்துக்கொள்ளலாம்.